காரணத்தை எழுதிக் கொடுங்கள்: மின்னணு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கும், செயற்கை நுண்ணறிவுக்கான விதிமுறைகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு தாலுகா ஊரில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கூடவே ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுக்கிறேன். முதியோர் பென்ஷன், விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, வருமானச் சான்று என்று எங்கள் ஊர் ஜனங்களுக்கு அரசாங்கத்தோடு இருக்கிற வேலையில் பாதி என் மேசை வழியாகத்தான் போகிறது. 2025 நவம்பரில் உங்கள் அமைச்சகம் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு வழிகாட்டு நெறிமுறைகளையும், 2026 பிப்ரவரியில் டெல்லி பாரத் மண்டபத்தில் நடந்த உச்சி மாநாட்டின் செய்திகளையும் அந்த மேசையில் உட்கார்ந்துதான் படித்தேன். பின்னணியெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கணினி அமைப்பு சொன்னதை வைத்து ஒருவருடைய பென்ஷனையோ ரேஷனையோ நிறுத்துவதாக இருந்தால், நிறுத்துவதற்கு முன்பே அதற்கான காரணத்தை அவர் படிக்கிற மொழியில் எழுதிக் கொடுங்கள். அந்த முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள அதிகாரி யார் என்பதையும் அதே தாளில் போடுங்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை.

இதை எழுத வைத்தவர் எங்கள் பின் தெருவில் குடியிருக்கும் ஒரு அம்மா. கணவர் இறந்த பிறகு மாதாமாதம் வந்துகொண்டிருந்த உதவித்தொகை திடீரென்று நின்றுபோனது. கடிதம் இல்லை, எஸ்எம்எஸ்ஸும் இல்லை. வங்கியில் பாஸ்புக் என்ட்ரி போட்டபோதுதான் வரவு இல்லாதது தெரிந்தது. மஞ்சள் பையில் ஆதார் நகல், ரேஷன் கார்டு, லேமினேஷன் போட்ட கணவரின் இறப்புச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். எண்ணைத் தட்டிப் பார்த்தேன். ‘தகுதி இல்லை’ என்று வந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும். விஏஓவைக் கேட்டால், தான் எதுவும் எழுதி அனுப்பவில்லை என்றார். அலுவலகத்தில் இருந்தவர் மானிட்டரை இவர் பக்கம் திருப்பிக் காட்டி, “மேலயே கட் ஆகியிருக்கும்மா, இங்க நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. புதுசா அப்ளை பண்ணுங்க” என்றார். புதிதாகப் போட்டோம். ‘ஏற்கெனவே பயனாளி’ என்று சொல்லி அது திரும்பி வந்தது. ஒரே அமைப்பு அவரைத் தகுதி இல்லாதவர் என்றும் சொல்கிறது, பயனாளி என்றும் சொல்கிறது.

அதற்கப்புறம் அந்த அம்மா காரணத்தைத் தானே தேட ஆரம்பித்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “கேஸ் கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்தினேனே, அதனால இருக்குமா?” “பையனுக்கு கம்பெனியில பிஎஃப் பிடிக்கிறாங்களே, அதுவா?” “மக வளைகாப்புக்கு பேங்க்ல நகை வச்சது தப்பா?” ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு புதுக் காரணம். தன் வாழ்க்கையில் செய்த ஒவ்வொரு சின்ன காரியத்தையும் எடுத்துக் குற்றமா என்று பார்க்கிறார். சர்க்கரை மாத்திரையைக் காலையில் மட்டும் போட்டுக்கொண்டு ராத்திரிக்கு உள்ளதை மிச்சம் பிடிக்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இது செயற்கை நுண்ணறிவே இல்லை, பட்டியலோடு பட்டியலை ஒப்பிடும் சாதாரண மென்பொருள் என்று உங்கள் தரப்பில் சொல்லக்கூடும். சரி. அந்த அமைப்புக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தா அந்த அம்மாவுக்குப் பதில் கிடைக்க வேண்டும்? கட் ஆனது கட் ஆனதுதானே. காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எங்கள் ஊரில் மட்டும் நடப்பது என்று இதைத் தள்ளிவிட முடியாது. தெலங்கானாவில் ‘சமக்ர வேதிகா’ என்ற கணினி அமைப்பு பல துறைகளின் தரவுகளை ஒன்றாகக் கோத்து, யாரிடம் வண்டி இருக்கிறது, யாரிடம் வீடு இருக்கிறது என்று கணித்துச் சொல்கிறது. அந்த மாநிலத்தில் சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகள் நீக்கப்பட்டு, நேரில் விசாரிக்கவே இல்லை என்று விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரலில் நீதிமன்றம் மறு ஆய்வுக்கு உத்தரவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, தகுதி இருந்தும் கார்டை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தது தெரிந்தது. எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் ஒரு விஷயத்துக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பங்கள் அரிசிக்கு என்ன செய்தன என்று எந்த அமைப்பும் கணிக்கவில்லை.

ஹரியானாவில் 2022-ல் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரசுப் பதிவில் இறந்தவர் என்று ஏறிவிட்டதால் பென்ஷனை இழந்த 102 வயதுப் பெரியவர் ஒருவர், ரோத்தக் நகரத் தெருக்களில் மாப்பிள்ளை ஊர்வலம் போல ரதத்தில் ஏறி வந்து, தான் உயிரோடு இருப்பதை ஊருக்குக் காட்டினார். பத்திரிகைகள் படம் போட்டன, பென்ஷன் திரும்பி வந்தது. படத்தைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ரதம் ஏற முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தில், வரித்துறை ஆயிரக்கணக்கான பெற்றோர்களை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தியது. யார் மீது சந்தேகப்பட வேண்டும் என்று கணித்த அமைப்பு, டச்சுக் குடியுரிமை இல்லாததையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொண்டிருந்தது. பல குடும்பங்கள் கடனில் மூழ்கின, 2021 ஜனவரியில் அரசாங்கமே ராஜினாமா செய்தது. ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ திட்டம் ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கி, வாங்காத பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஏழைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2020-ல் 4,70,000 கடன் கணக்குகளுக்கான பணத்தைத் திருப்பித் தருவதாக அந்த அரசே அறிவிக்க வேண்டி வந்தது. விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2023-ல்தான் வந்தது. மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்கள் அதற்குள் பல வருடங்களைக் கடந்திருந்தன.

இந்த நான்கு இடங்களிலும் நிறுத்துவதற்கு முன்பே ஒரு தாளில் காரணம் போயிருந்தால், ‘அந்த வண்டி என்னுடையது இல்லை’, ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று முதல் வாரத்திலேயே பதில் வந்திருக்கும்.

உங்கள் நெறிமுறைகளுக்கு வருகிறேன். அவற்றை எழுதிய குழுவுக்குச் சென்னை ஐஐடியின் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன் தலைமை தாங்கினார் என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை. ‘சூத்திரங்கள்’ என்ற பெயரில் ஏழு அடிப்படைக் கொள்கைகள் வைத்திருக்கிறீர்கள். மக்களுக்கு முதலிடம் என்கிறீர்கள். பொறுப்புக்கூறல் என்கிறீர்கள். புரிந்துகொள்ளும்படி அமைப்புகளை வடிவமைக்க வேண்டும் என்கிறீர்கள். இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கிற சட்டங்களே பெரும்பாலும் போதும் என்பதும் உங்கள் நிலைப்பாடு. அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 4-வது பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தை அதனால் பாதிக்கப்படுபவருக்குத் தர வேண்டியது பொது அதிகார அமைப்பின் கடமை என்று சொல்கிறது. ஜனங்கள் மனு போட்டுக் கேட்ட பிறகு என்றுகூட இல்லை. தானாகவே தர வேண்டும். குமாஸ்தா எடுத்த முடிவுக்கு ஒரு விதி, கணினி எடுத்த முடிவுக்கு வேறு விதி என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. இருக்கிற சட்டம் போதும் என்றால், இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள்.

ஆனால் நடப்பது எதிர்த்திசையில் போகிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மானியமும் சலுகையும் வழங்கும் வேலைக்காகப் பல சூழல்களில் தனிச் சம்மதம் கேட்காமலே எங்கள் விவரங்களைப் பயன்படுத்த அரசுக்கு வழி தருகிறது. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் அதில் இடம் இருக்கிறது. முழுக்க முழுக்க இயந்திரம் எடுக்கும் முடிவிலிருந்து விலகி நிற்கும் உரிமை ஐரோப்பியர்களுக்கு இருக்கிறது. அப்படி ஒன்று நம் சட்டத்தில் எழுதப்படவில்லை. இது போதாதென்று, தகவல் உரிமைச் சட்டத்திலேயே தனிப்பட்ட தகவலைத் தர மறுப்பதை இதே சட்டம் எளிதாக்கிவிட்டது. எங்களைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரிய வேண்டும், உங்கள் முடிவைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

உலக மேடையிலும் இதே கதைதான். செயற்கை நுண்ணறிவு பற்றி உலக நாடுகள் கூடிய உச்சி மாநாடுகள் 2023-ல் பிரிட்டனின் பிளெட்ச்லி, 2024-ல் சியோல், 2025-ல் பாரிஸ், 2026-ல் டெல்லி என்று நடந்தன. பெரிய நிறுவனங்களின் பெரிய மாடல்களால் மனித குலத்துக்கு என்ன ஆபத்து என்று பேசினார்கள், பிறகு முதலீடு பற்றிப் பேசினார்கள். பாரிஸ் மாநாட்டின் கூட்டறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்தே போடவில்லை. ஐக்கிய நாடுகள் சபை செயற்கை நுண்ணறிவுக்காக 40 பேர் கொண்ட அறிவியல் குழுவுக்கும், 2026-ல் ஜெனீவாவில், 2027-ல் நியூயார்க்கில் என்று உலகளாவிய உரையாடலுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த ஏற்பாட்டில் ராணுவப் பயன்பாடு சேராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் ராணுவத்தையும் தேசப் பாதுகாப்பையும் வெளியே வைத்துவிட்டது. கம்பெனிகளைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று அரசுகள் கூடிப் பேசுகின்றன. வேண்டியதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் சோற்றில் கை வைக்கிற கணினியை வாங்கி, மாட்டி, ஓட்டுவது அரசுகள். தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்வது பற்றி அவை எப்போது பேசும்? அரசின் உதவிக்கு யார் தகுதி என்று முடிவு செய்யும் அமைப்புகளை ‘அதிக ஆபத்து’ வகையில் சேர்த்து, விளக்கம் கேட்கும் உரிமையையும் ஐரோப்பியச் சட்டம் எழுதி வைத்தது. 2026 ஆகஸ்டில் அந்த விதிகள் அமலுக்கு வர வேண்டும் என்றுதான் முதலில் இருந்தது. அதற்குள் 2025 நவம்பரிலேயே அவற்றைத் தள்ளிப்போட ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. தள்ளிப்போட வேண்டும் என்றால் எல்லா நாட்டிலும் முதலில் தள்ளிப்போவது ஏழையின் உரிமைதான்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது செய்ய முடியாத காரியம் இல்லை. கனடாவில் மத்திய அரசுத் துறைகளுக்காக 2019-ல் ஒரு ஆணை போட்டார்கள். அது நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம்கூட இல்லை, நிர்வாக உத்தரவுதான். தானியங்கி முடிவெடுக்கும் அமைப்பைக் கொண்டுவருவதற்கு முன் அதன் பாதிப்பை மதிப்பிட்டு வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு விளக்கம் தர வேண்டும், எதிர்த்துக் கேட்க வழி சொல்ல வேண்டும் என்கிறது அது. அடிபட்ட நெதர்லாந்து, அரசு பயன்படுத்தும் அல்காரிதம்களின், அதாவது கணினி கணக்கிட்டு முடிவு சொல்லும் வழிமுறைகளின், பதிவேட்டை 2022 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. நம் தமிழ்நாடே 2020-ல் பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பொதுப் பயன்பாட்டுக்கு விடும் முன் அமைப்புகளுக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறை அதில் இருக்கிறது. எந்த அமைப்புக்கு என்ன மதிப்பெண் என்று ஜனங்கள் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும்.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான். எல்லா மத்தியத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள், மாநிலங்களுக்கும் அதைப் பரிந்துரையுங்கள். காரணம் எழுதப்படாத எந்த நிறுத்தமும் செல்லாது என்று அதில் இருக்கட்டும். காரணம் அந்த மாநில மொழியில் இருக்கட்டும். முடிவை மாற்றும் அதிகாரி தாலுகா அளவில், பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கட்டும். அவர் விசாரித்து முடிக்கும் வரை பணமும் அரிசியும் நிற்காமல் வரட்டும். ஏற்கெனவே நிறுத்தப்பட்டவர்களுக்கும் இது பொருந்தட்டும். எந்தத் திட்டத்தில் எந்த அமைப்பு முடிவெடுக்கிறது என்ற பட்டியலை இணையத்தில் போடுங்கள். ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் இந்தியா பேசும் உரையில், அரசுகள் தாங்கள் ஓட்டும் அமைப்புகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஒரு பத்தியைச் சேருங்கள்.

இந்தச் சுற்றறிக்கை வருமா, எப்போது வரும் என்று தெரிவித்தால் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தாலுகா ஊரிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்