காய்ச்சல் இறங்கியதும் தூங்கலாமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தில், காய்ச்சல் இறங்கிவிட்டால் வியாதி விட்டது, பெற்றோர் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஒரு வரி. அன்றிரவு நான் தூங்கவில்லை. அதே கட்டுரை, 38.5 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் மாத்திரை கொடுக்கச் சொல்கிறது. அந்தச் சூட்டில் இருப்பது பிள்ளை அல்ல ஐயா, ஐஸ்பெட்டியில் வைத்த மீன்.

முப்பது வருஷம் தோட்டத் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். உங்கள் பத்திரிகையில் எங்களை எப்போதும் 'கம்பவுண்டர்' என்றுதான் எழுதுவீர்கள். சரி, அது கிடக்கட்டும். தோட்டம் கைமாறி ஆஸ்பத்திரியைப் பூட்டியபோது நான் எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை. அந்த வாரம் ராசிபலனுக்கு இடம் பற்றாமல் போயிருக்கும்.

கட்டுரை முழுக்கக் காய்ச்சல்தான் எதிரி. உண்மையில், வைரசைக் கண்டதும் மூளை வேண்டுமென்றே ஏற்றும் சூடு அது. சளி பிடிக்க வைக்கும் ரைனோ வைரஸ் மூக்கின் 33 டிகிரி செல்சியசில் கும்மாளம் போடும், 37-இல் தடுமாறும். 2015-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகி குழுவினர் எலியின் மூச்சுக்குழாய்ச் செல்களில் இதைப் பார்த்தார்கள். சூடு கூடியபோது செல்கள் வைரசை எதிர்க்கச் சுரக்கும் இன்டர்ஃபெரானும் கூடியது. என் பேத்தி கைப்பேசியில் காட்டிய செய்தி. உங்கள் அலுவலகத்திலும் இணையம் இருக்குமே! எல்லா வைரசும் சூட்டுக்கு அடங்காது என்பதும் உண்மை. கோழியின் உடம்பே ஏறக்குறைய 41 டிகிரி. அங்கே வளர்ந்த பறவைக் காய்ச்சல் வைரசுக்கு நம் காய்ச்சல் ஒரு பொருட்டல்ல. பிள்ளை துவண்டு போனால் பாரசிட்டமால் கொடுக்கத்தான் வேண்டும். நானே கணக்கில்லாமல் கொடுத்தவன்.

ஆனால் அந்தத் தூக்க வரி? பக்கத்து வீட்டுப் பையன், ஒன்பது வயது, மூன்று நாள் அனலாய்க் கொதித்தான். நாலாம் நாள் காலை உடம்பு குளிர்ந்தது. அவன் அம்மா கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பையனுக்கோ ஓயாத வாந்தி, வயிற்று வலி, கை காலெல்லாம் சில்லிட்டிருந்தது. கிளினிக்குக் கூட்டிப்போனேன். "காய்ச்சலே இல்லையே, தாத்தா" என்று கவுண்டரில் சிரித்தார்கள். டிங்கியில், அதாவது டெங்கு காய்ச்சலில், ஆபத்தான நேரமே சூடு இறங்கும் நேரம்தான். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். விடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், ஐந்து நாள் ட்ரிப்ஸில் கிடந்து பிழைத்தான். உங்கள் கட்டுரையை நம்பியிருந்தால் அன்று அவன் வீட்டிலேயே படுத்திருப்பான்.

இதைத் தெரியாமல் எழுதினீர்கள் என்று நான் நினைக்கவில்லை. படித்தவர்கள் நீங்கள். அதனால்தான் மனசு ஆறவில்லை.

ஒரு சிறு திருத்தம் போடுங்கள், போதும். பாரன்ஹீட்டைச் செல்சியஸ் ஆக்குங்கள். சூடு இறங்கிய பிறகு வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும், டிங்கி சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபென் தொடவேண்டாம் என்றும் இரண்டு வரி சேருங்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். போன தடவை மாதிரி முறுக்கு விளம்பரத்துக்கு அடியில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரெசர் ('கம்பவுண்டர்' அல்ல),
சுங்கை சிப்புட், மலேசியா.