ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலுக்கு ஒரு பாடவேளை கேட்டு ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் இயக்குநர் அவர்களுக்கும், சமூக அறிவியல், தமிழ்ப் பாடநூல் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை நான். குடிமையியலை வாசிப்போடும் எழுத்தோடும் சேர்த்து நடத்துவதற்காக ஆசிரியர்கள் தாங்களே வடிவமைக்கும் பாடங்களுக்கு, ஒன்பதாம் வகுப்பு காலஅட்டவணையில் வாரம் ஒரு பாடவேளையும், அவற்றை நடத்த எழுத்துமூலமான அனுமதியும் தர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புத் தமிழில், தரமற்ற உணவு வழங்கிய விடுதியைப் பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீட்டுக் கடிதம் எழுதும் பயிற்சி ஒன்று இருக்கிறது. நல்ல பயிற்சி அது. ஆனால் விடைத்தாள் திருத்தும் தமிழாசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள். கட்டு முழுவதும் ஒரே விடுதி, ஒரே தேதி, ஒரே கெட்டுப்போன சாப்பாடு. வழிகாட்டி நூலில் உள்ளதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து இறக்கிவைக்கிறார்கள். அதே பிள்ளைகள் என் வகுப்பில், உள்ளாட்சியைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழுக்களை, பல்வந்த்ராய் மேத்தா குழு 1957, ஜி.வி.கே. ராவ் குழு 1985, எல்.எம். சிங்வி குழு 1986 என்று பிசகாமல் ஒப்பிப்பார்கள். தங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் கிராம சபை அறிவிப்பைப் படித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் தலை குனிந்துகொள்வார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025-26இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு, கொரோனாவினால் நான்காம் வகுப்பு முழுவதும் பள்ளிக்கூடம் பூட்டியே கிடந்தது. 2021 நவம்பர் 1 அன்று கதவு திறந்தபோது ஐந்தாம் வகுப்பிலும் பாதி ஆண்டு போயிருந்தது. இழப்பை ஈடுசெய்ய 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்குமாகத் தொடங்கப்பட்ட நேரத்தில் இவர்கள் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் மறுபடியும் முதல் வகுப்புக் கதையைக் கொடுத்தால் அது கூசிப்போகிறது. அந்த வயதுக்கு ஏற்ற கனமான விஷயம், எளிய அளவில், படிக்கவேண்டிய ஒரு காரணத்தோடு கைக்கு வர வேண்டும். குடிமையியலில்தான் அது ஏராளமாகக் கிடக்கிறது என்பது என் அனுபவம்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் 'உள்ளாட்சி அமைப்புகள்' பாடத்தைப் பாடநூலிலிருந்து தொடங்காமல், சுதந்திர தினக் கிராம சபைக்கான அறிவிப்பைப் படியெடுத்துக்கொண்டு போய்த் தொடங்கினேன். புரியாத சொற்களுக்குக் கீழே கோடிடச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் 'பொருள்' என்ற சொல்லுக்குக் கோடிட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு ஏதோ சாமான் கொண்டுவர வேண்டும் என்று எண்ணியிருக்கிறார்கள். 'தணிக்கை' என்பதைச் சினிமாவோடு மட்டுமே அறிந்திருந்தார்கள். அந்த ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க இரண்டு பாடவேளைகள் ஆயின. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் கிராம சபை செல்லுபடியாக 100 பேர் வந்திருக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னதும், தங்கள் தெருவிலிருந்து யார் யார் போவார்கள் என்று தாங்களாகவே எண்ணத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கும் மாநிலத்தில், ஒருமுறைகூட அம்மாவோ அப்பாவோ போனதில்லை என்று சொன்ன பிள்ளைகளே அதிகம்.

அடுத்த வாரம் தெருவிளக்கு பற்றி ஊராட்சிக்குக் கடிதம் எழுதினோம். முதல் வரைவு எல்லோரிடமும் ஒன்றுபோலவே இருந்தது: 'எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' நீங்களே ஊராட்சிச் செயலராக இருந்து இந்தக் கடிதம் கைக்கு வந்தால் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவீர்கள் என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்று மாலை போய்ப் பார்த்து, மூன்று கம்பங்களின் எண்களையும், எந்த மாதத்திலிருந்து இருட்டாக இருக்கிறது என்பதையும், அந்த வழியாக மாலை வகுப்பு முடிந்து நடந்து வருவோர் எத்தனை பேர் என்பதையும் குறித்துவந்தார்கள். அதுவரை வாய்விட்டுப் படிக்க எழுந்தே நிற்காத ஒரு மாணவன், தன் கையால் குறித்த எண்களைத் தானே எழுந்து படித்தான்.

கடிதம் போயிற்று. ஆறு வாரங்கள் பதில் இல்லை. இரண்டாம் கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான், அலுவலகக் கடிதத்தில் 'பொருள்' என்பதற்குக் கீழே 'பார்வை' என்று ஓர் இடம் எதற்காக இருக்கிறது என்று அவர்களுக்கு விளங்கியது. வழிகாட்டி நூலின் கடிதத்துக்கு முந்தைய கடிதம் என்று ஒன்று இல்லாததால் அங்கே அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. இரண்டாம் கடிதத்துக்குப் பின் இரண்டு கம்பங்களில் விளக்கு எரிந்தது.

இன்னொரு பாடத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் உத்திரமேரூர் இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைப் பானையிலிட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையையும் அதற்கான தகுதிகளையும் சொல்லும், முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். பாடநூல் அதைப் பெருமையோடு சொல்கிறது, பெருமைக்குரியதுதான். நாங்கள் அந்தத் தகுதி விதிகளைப் பெயர் சேர்க்கும் படிவம் போல ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்: வயது 35க்கு மேல் 70க்குள், வரி செலுத்தும் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவராகவோ அவருடைய உறவினராகவோ இருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம் என்று பார்த்தார்கள். "நிலம் இல்லாதவங்க பேரு பானைக்குள்ளயே போகாதா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து, வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கிய 61ஆவது திருத்தத்துக்கும், 2016இல் நம் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் ஒதுக்கிய சட்டத்துக்கும் போவது எளிதாக இருந்தது. கணக்குக் காட்டாதவர் பற்றிய விதியை மட்டும் இன்றும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள்.

இத்தனையையும் நான் ஒளித்து ஒளித்துத்தான் நடத்தினேன் என்பது வருத்தமான உண்மை. ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர், பாடக்குறிப்பேட்டில் இருப்பதற்கும் கரும்பலகையில் இருப்பதற்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டுப் போனார். பிள்ளைகளை அரசியலுக்கு இழுக்கிறேன் என்று ஊரிலிருந்து ஒரு புகாரும் வந்தது. எந்தக் கட்சியின் பெயரும் வகுப்பில் எழவில்லை. ஆனாலும் அதை நிரூபிக்க என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. ஊராட்சி அறிவிப்பு, நியாயவிலைக் கடைத் தகவல் பலகை, தகவல் அறியும் உரிமைச் சட்ட விண்ணப்பம் போன்ற பொது ஆவணங்களை வகுப்பில் வாசிக்கலாம், கட்சிச் சார்பான எதையும் எடுக்கக் கூடாது என்று நீங்கள் இரண்டு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினால், துணிவில்லாமல் ஒதுங்கியிருக்கும் பல ஆசிரியர்கள் முன்வருவார்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து இதை மேலிருந்து அச்சிட்டு அனுப்பும் இன்னொரு கட்டகமாக ஆக்கிவிடாதீர்கள். என் பள்ளிக்குத் தெருவிளக்கு பொருந்தியது. கடலோரப் பள்ளிக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணப் படிவம் பொருந்தும், மலைப் பள்ளிக்கு வன உரிமைச் சட்டம் பொருந்தும். எது தேவை என்பது அந்தந்த வகுப்பறையில் நிற்பவருக்குத்தான் தெரியும். அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் திரையில் ஓடும் படவில்லைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, நாங்கள் நடத்திய ஒரு பாடத்தையும், அதில் பிள்ளைகள் எழுதிய தாள்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பேச இடம் கொடுங்கள். தேறியவற்றை ஆசிரியரின் பெயரோடு வெளியிடுங்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இல்லை. சோதித்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான ஆண்டு இல்லை. பிறகு, பத்தாம் வகுப்பு வினாத்தாளின் கடித வினாவையும், மாணவர் தம் ஊரின் விவரத்தைச் சேர்த்தால்தான் விடை நிறைவாகும்படி தமிழ்க் குழுவினர் மாற்றியமைத்துத் தர வேண்டும்.

நான் நடத்திய நான்கு பாடங்களை இம்மடலோடு இணைத்துள்ளேன். தகவல் அறியும் உரிமை பற்றிய நான்காவது பாடம் சரியாக அமையவில்லை. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு என்று விதிகளையே பேசிக்கொண்டிருந்துவிட்டேன், எதைக் கேட்பது என்பதைப் பிள்ளைகள் யோசிக்க நேரம் விடவில்லை. அதையும் அப்படியே வைத்திருக்கிறேன். மூன்றாவது கம்பம் இன்னும் இருட்டாகவே இருப்பதால், இந்த ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய கடிதத்தின் படியும் இணைப்பில் உள்ளது. அதில் 'பார்வை' என்ற இடத்தில் இரண்டு தேதிகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர்,
காஞ்சிபுரம் மாவட்டம்.