கடற்கரை ரேலிங்கும் 80 நம்பர் டிஸ்க்கும்

ஆசிரியர் அவர்கட்கு,

பாசிக்குடாவிலிருந்து கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று வரை கடலோரம் எழும்பும் வீடுகளிலும் விடுதிகளிலும் பெல்கனி ரேலிங், மாடிப்படிக் கைபிடி, படலை எல்லாம் இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். பூட்டி ஒரு வருடம் போகுமுன் தேயிலைச் சாயம் வடிந்ததுபோல் பழுப்புக் கறை கண்டால், கடைக்காரர் டூப்ளிகேட் சாமானைத் தந்துவிட்டார் என்பதுதான் முதற்பேச்சு. அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும் உண்மையான 316 தரத்தையே வாங்கி, அதன்மேல் 80 நம்பர் டிஸ்க்கை (கரடான தேய்ப்புத் தட்டு; நம்பர் ஏற ஏற கீறல் மெல்லிதாகும்) ஓட்டி அப்படியே விட்டால், கூடுதலாகக் கொடுத்த காசில் பாதி அந்தத் தூளோடு போய்விடும்.

இந்த உருக்கைக் காப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் படலம். ஒருசில நனோமீற்றர் தடிப்புத்தான். கீறினாலும் ஒட்சிசன் கிடைத்தால் தானே மூடிக்கொள்ளும். 80 நம்பர் கீறலின் அடியில் அது நடப்பது கடினம். உப்பு அங்கே போய் அடைகிறது, கழுவினாலும் வராது. கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு ஈரப்பதன் 35 சதவீதம் இருந்தாலே போதும், காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் கரையில் காற்று அவ்வளவு காய்வது அருமை. ஆகவே கண்ணுக்குக் காய்ந்து தெரியும் கம்பியின் கீறலுக்குள் எந்நேரமும் ஈரம். ஒட்சிசன் எட்டாத அடியில் குளோரைட் செறிந்து, அமிலமாகி, குழி விழுகிறது. 316இல் உள்ள 2 முதல் 3 சதவீத மொலிப்டினம் அதைத் தாமதிக்கும். மலிவான, சாதாரண 304 தரத்தில் அதுவும் இல்லை.

மாரிமழை இலவசமாகக் கழுவித் தருகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை மழையில்லாத மாதங்களில்தான் கறை கிளம்பும். அதிலும் மழை படாத இடம் மோசம்: கூரைத் தாழ்வாரத்தின் கீழ், கைபிடியின் அடிப்பக்கம், படிக்கட்டின் உள்முகம். கறையைத் தேடுபவர்கள் அங்கே கையை வைத்துப் பார்க்கட்டும்.

கடலோர வேலைக்கு மேற்பரப்பின் சராசரிக் கரடு, அதாவது ஆர்ஏ அளவு, 0.5 மைக்ரோனுக்குள் இருக்கவேண்டும். 80இல் வெட்டி நிறுத்தினால் அந்த அளவைத் தாண்டியே நிற்கும். 120, 180, 240, முடிந்தால் 320 என்று ஏறவேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்திய கீறலுக்குக் குறுக்காகத் தேய்த்தால் அது போய்விட்டதா என்பது தெரியும். கடைசித் தேய்ப்பு ஒரே திசையில். நிற்கும் கம்பியிலும் தகட்டிலும் மேலிருந்து கீழாக, நீர் வடிந்துபோக. இடைப்படியைத் தாண்டி நேரே மெருகேற்றும் பவ்விங் துணிச்சக்கரத்துக்குப் போவது நம் பட்டறைகளில் வழமை. கண்ணாடிபோல் மின்னும். ஆனால் கீறலின் விளிம்பு மடிந்து உள்ளே மெழுகையும் தூளையும் மூடிவிடுகிறது. அந்த மினுக்கத்தை நம்பவேண்டாம்.

சாதாரண இரும்பை அறுத்த டிஸ்க், இரும்புக் கம்பித் தூரிகை இரண்டையும் இதன்மேல் வைக்கவே கூடாது. பதியும் இரும்புத்தூள் முதலில் துருப்பிடித்து, கீழேயுள்ளதையும் இழுத்துவிடும்.

வெல்டிங் ஓரத்தின் மஞ்சள், நீல நிறத்தின் கீழ் குரோமியம் குறைந்த மெல்லிய தோல் இருக்கிறது. நிறத்தை மட்டும் துடைத்தால் போதாது, அந்தத் தோலும் போகவேண்டும். பிக்லிங் பேஸ்ட் எனும் அமிலப் பசை அதைச் செய்யும். அதில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு. தோலில் பட்டால் உடனே நோகாது, உள்ளே இறங்கி எலும்புவரை தின்னும். அமிலம் தாங்கும் கையுறை, முகமறைப்பு, அமிலம் பட்டால் பூசும் கல்சியம் குளுக்கோனேட் ஜெல் மூன்றும் பக்கத்தில் இல்லையென்றால் டப்பாவைத் திறக்கவேண்டாம். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்மேட்டுக் கிணறுகள் பல உவர், அதில் கழுவினால் உப்பையே பூசுகிறோம். பிறகு 10 லீற்றர் நீரில் 1 கிலோ சிட்ரிக் அமிலத்தூள் கரைத்து, 20 நிமிடத்துக்குக் குறையாமல் நனைத்து வைத்துக் கழுவினால், ஒட்டியிருக்கும் இரும்பு நீங்கிப் படலம் நன்றாகக் கட்டும்.

இரும்பு நீங்கியதா என்று சந்தேகமா? 250 மில்லிலீற்றர் வடித்த நீரில் 4 கிராம் மயில்துத்தம், 1 மில்லிலீற்றர் சல்பூரிக் அமிலம் கலந்து, 6 நிமிடம் ஈரமாகவே பூசி வையுங்கள். செம்பு நிறம் ஒட்டினால் இரும்பு இன்னும் இருக்கிறது. உணவுப் பாத்திரத்தில் இதைச் செய்யக்கூடாது. காந்தம் வைத்துப் பார்ப்பதால் 304, 316 வேறுபாடு தெரியாது.

ஒன்றைச் சொல்லவேண்டும்: இவையெல்லாம் காற்றில் நிற்கும் உலோகத்துக்கு. கடல்நீரில் எப்போதும் அமிழ்ந்திருக்கும் போல்ட்டிலோ, முகத்துவாரத்தில் மாதக்கணக்கில் கட்டிக்கிடக்கும் படகின் சுழலித் தண்டிலோ, வாஷருக்கும் சிப்பிக்கும் அடியில் துவங்கும் அரிப்பை மெருகு தடுக்காது. அங்கே 316உம் தோற்கும். டூப்ளெக்ஸ் 2205 என்ற உயர்தர ஸ்டெயின்லெஸ் மேலானது. ஆனாலும் தேங்கிய வெதுவெதுப்பான உப்புநீரில் அதற்கும் எல்லை உண்டு.

பூட்டியபின் கோடை மாதங்களில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போதும். பிளீச்சும் டைல்ஸ் கழுவும் அமிலமும் கிட்டவரக் கூடாது, இரண்டும் குளோரைட்டைத்தான் கொண்டுவருகின்றன.

கேள்விப் பத்திரம் எழுதும் சபைகளும் வீட்டுக்காரரும் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், தரம் 316, கரடு 0.5 மைக்ரோனுக்குள், வெல்டிங் பிக்லிங் செய்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுதினால், வேலை ஒப்படைக்கும் நாளில் எதை அளந்து பார்ப்பது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
உலோகவேலை வாசகர்கள்,
கல்லடி, மட்டக்களப்பு.