கூப்பனில் எழுதிய இரண்டு வரி

பாளையங்கோட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உன் மகள் பாப்பா வேலையை விட்டுவிட்டுப் பறவைப் படம் மட்டுமே வரையப் போகிறேன் என்கிறாள், முகம் தெரியாதவர்கள் மாதா மாதம் பணம் அனுப்புகிறார்களாம், இது கையேந்துவது மாதிரி இல்லையா என்று கேட்டிருந்தாய். கையேந்துவது என்ற அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

நேற்றுப் பரண்மேல் ஏறி நம் பத்திரிகையின் சந்தா நோட்டை எடுத்தேன். அட்டை செல்லரித்துவிட்டது, உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உன் கையெழுத்தில் 212 விலாசம், பாக்கி வைத்தவர்களுக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. கடைசிப் பக்கத்தில் நூல் போட்டுக் கட்டிய மணியார்டர் கூப்பன்கள், பணம் அனுப்புகிறவர் இரண்டு வரி எழுதும் அந்தத் துண்டுச் சீட்டுகள். சாத்தூரிலிருந்து ஒருவர் பதினைந்து ரூபாய் அனுப்பி, "ஆற்று மணல் கட்டுரை படித்தேன். நிறுத்திவிடாதீர்கள்" என்று எழுதியிருப்பாரே, அது மேலேயே இருந்தது. அன்றைக்கு அதை அறையில் நின்றுகொண்டு மூன்று முறை உரக்கப் படித்தாய். கையேந்தினோம் என்று அப்போது நமக்குத் தோன்றியதா? உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, புத்தகம் வருமுன்பே பணம் தர ஒப்புக்கொண்டவர்களிடம் கையெழுத்து வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். அதற்குக் கையொப்பம் என்றே பெயர். பாப்பா செய்வதும் அந்த வழியில் வந்ததுதான்.

அவள் சொல்லும் பேட்ரியான், ரசிகர்கள் கலைஞருக்கு மாதா மாதம் சந்தா கட்டும் இணையதளம், எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால் உனக்குப் பிடிக்கும். ஜாக் கான்ட்டே அமெரிக்க இசைக்காரர். ஒரே ஒரு பாட்டின் காணொளிக்காக விண்கலத்தின் உட்புறத்தை அப்படியே அரங்கமாகக் கட்டினார். மூன்று மாத உழைப்பு, சுமார் 10,000 டாலர் செலவு. யூடியூப் விளம்பரத்தில் அதில் சொற்பம்கூடத் திரும்பாது என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை 28 நாளில் 10 லட்சத்துக்கும் மேல் பார்வைகள் கிடைத்து, கைக்கு வந்தது 166 டாலர்தான் என்று அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் அறைத்தோழராக இருந்த சாம் யாமிடம் போய்த் தன் யோசனையைச் சொன்னார். 2013இல் இருவருமாகத் தளத்தைத் தொடங்கினார்கள். அறைத்தோழர்கள், பார். நாமும் அப்படித்தானே பத்திரிகை ஆரம்பித்தோம்!

விளம்பரக்காரனுக்குத் தலையெண்ணிக்கை போதும். பாப்பாவின் படத்தை ஒருவர் அரை நொடி பார்த்துத் தள்ளிவிட்டாலும் அவனுக்கு ஒன்றுதான், அரை மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒன்றுதான். அதிலும் நம் ஊர்ப் பார்வைக்கு அவன் தரும் விலை அமெரிக்கப் பார்வையைவிட மிகக் குறைவு. சந்தா கட்டுகிறவர் அப்படியில்லை. போன மாதம் பாப்பா வரைந்த செண்பகப் பறவையை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலி மூங்கிலில் உட்கார்ந்திருக்கிறது, இறக்கையில் செங்கல் நிறம், கண்ணில் ஒரு பொட்டுச் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு மட்டும் எத்தனை முறை தூரிகையைத் தொட்டிருப்பாளோ. அதைக் கவனித்தவர்தான் பணம் கட்டுவார். அவர் கட்டும் நூறு ரூபாயில் சாத்தூர்க்காரரின் கூப்பன் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். நீ வங்கியில் இருந்தவன், உனக்கு இதுதான் முக்கியம். பாப்பாவுக்கு இப்போது சந்தா கட்டுகிறவர்கள் 143 பேர், ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் என்றால் 14,300. 2025 ஆகஸ்டுக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த கலைஞர்களிடம் பேட்ரியான் 10 சதவீதம் எடுக்கிறது. மீதி 12,870, அதிலும் பணம் வந்து சேரும் கட்டணம், வரி எல்லாம் வேறு போகும். யூடியூபில் உறுப்பினர் சந்தா வாங்கினால் அவர்கள் எடுப்பது 30 சதவீதம். கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2008லேயே எழுதினார்: வருடத்துக்கு நூறு டாலர் தரும் உண்மையான ரசிகர்கள் ஆயிரம் பேர் போதும், ஒரு கலைஞர் பிழைத்துக்கொள்ளலாம் என்று. ஆயிரம் பேர் சேர்வது லேசில்லை. அதனால் பாப்பா இப்போதே வேலையை விட வேண்டாம் என்பதில் நான் உன் பக்கம். ஐந்நூறு பேர் ஆகட்டும், ஆறு மாதம் அது குறையாமல் நிற்கட்டும்.

எனக்கு உண்மையான பயம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் நோட்டு நம்மிடம் இருந்தது. அவளுடைய நோட்டு அடுத்தவர் கையில் இருக்கிறது. 2017 டிசம்பரில் பேட்ரியான் ஒரு புதுக் கட்டணம் அறிவித்தது. ஒவ்வொரு சந்தாவுக்கும் 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் ரசிகர் தலையில். ஒரு டாலர் தந்துகொண்டிருந்தவர் 1.38 டாலர் தர வேண்டும். பெரிய எதிர்ப்புக் கிளம்பி ஒரு வாரத்தில் அதைக் கைவிட்டார்கள், ஆனால் அதற்குள் ஒரு டாலர்க்காரர்கள் பலர் போய்விட்டார்கள். நீ பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஒன்லிஃபேன்ஸ் என்ற சந்தாத் தளத்திலும் இதே கதைதான். 2021 ஆகஸ்டில் அப்பட்டமான பாலியல் படங்களுக்குத் தடை என்றார்கள், வங்கிகள் நெருக்குகின்றன என்றார்கள், ஒரு வாரத்துக்குள் தடையை நிறுத்திவைத்தார்கள். அந்தத் தொழிலைப் பற்றி நமக்கு என்ன அபிப்பிராயமும் இருக்கட்டும். அங்கே பிழைத்தவர்களுக்கு அந்த ஒரு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்.

எனக்கே ஒன்று நடந்தது. வெளிநாட்டில் வானியல் எழுதும் ஒருவருக்கு மாதம் ஐந்து டாலர் கட்டிக்கொண்டிருந்தேன். அட்டையிலிருந்து மாதா மாதம் தானாகப் பணம் எடுப்பதற்கான புது விதி 2021 அக்டோபர் 1 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தது. விதி நம் பாதுகாப்புக்குத்தான். ஆனால் என் வங்கி அதற்குத் தயாராகவில்லை போலும், பணம் போகாமல் நின்றது. மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அந்த மனிதர் நான் அலுத்துப்போய் விலகிவிட்டதாக நினைத்திருப்பார். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்.

ஆகவே பாப்பாவிடம் சொல், எந்தத் தளத்தில் இருந்தாலும் இப்போதிருந்தே சந்தாதாரர்களின் மின்னஞ்சல் விலாசங்களைத் தனியாகச் சேர்த்துவைக்கட்டும். மின்னஞ்சலில் கட்டுரை அனுப்பும் சப்ஸ்டாக் தளத்தில் அந்தப் பட்டியலை நாமே இறக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம், யூடியூபோ தன் உறுப்பினர்களின் விலாசத்தைத் தராது. அப்புறம், ஐபோன் செயலி வழியாக யாரையும் சேரச் சொல்ல வேண்டாம், உலாவியில் சேரச் சொல்லட்டும். ஆப்பிள் தன் கடை வழியாக வரும் சந்தாவில் 30 சதவீதம் வரை பிடிக்கிறது.

இன்னொன்றை நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் மாமா பயமுறுத்துகிறார் என்பாள். நம் பதினோராவது இதழ் ஏன் நின்றது? பணம் இருந்தது, சந்தாதாரர்கள் இருந்தார்கள், உனக்கு மஞ்சள்காமாலை. இதழ் எங்கே என்று கேட்டு வந்த அஞ்சலட்டைகளைப் படிக்க எனக்குத் தைரியம் இல்லாமல் மேசைக்குள் போட்டு வைத்தேன். மாதம் ஒரு பறவை என்று வாக்குக் கொடுத்தால், காய்ச்சலிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பறவை தலைக்குள் உட்கார்ந்திருக்கும். வருடத்தில் இரண்டு மாதம் படம் வராது என்று ஆரம்பத்திலேயே எழுதிப் போடச் சொல். பறவை பார்க்கிறவர்களுக்கு அது புரியும்.

உன் தங்கைக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, மாடி ஏற மட்டும் முடியவில்லை. பொங்கல் கழித்து இரண்டு பேரும் கோவை வருகிறோம். அந்த நோட்டையும் எடுத்து வருகிறேன், பாப்பா பார்க்கட்டும்.

நேற்று ராத்திரி 144ஆவது ஆளாக நானும் சேர்ந்துவிட்டேன். செய்தி எழுதும் கட்டத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் என்ன பறவை என்று கேட்டுச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்