கையெழுத்துப் போட்டால் மேற்பார்வையா?

ஆசிரியருக்கு,

தக்கலை பக்கம் என் மகள் படிக்கிற பள்ளிக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவி ஒருத்தி கவுன்சலிங் பயிற்சிக்கு வந்திருக்கிறாள், அவளுக்குக் கொடுத்த இடம் ஸ்டாஃப் ரூம் மூலை. ஆசிரியர்கள் டீ குடித்துக்கொண்டிருக்க எந்தக் குழந்தை மனம் விட்டுப் பேசும்? கல்லூரி மேற்பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நாகர்கோவில் பஸ்ஸுக்கு ஓடுகிறார்.

சரி, ஒரு குழந்தை பாலியல் தொல்லையைச் சொல்லிவிட்டால்? போக்சோ சட்டம் 2012, 19-வது பிரிவுப்படி சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் போலீசுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும், பயிற்சி மாணவிக்கு விலக்கெல்லாம் கிடையாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முன்பே வாக்குக் கொடுத்துவிட்டு முழிக்கிறவளுக்கு அன்றைக்கே போனில் வழிசொல்ல ஓர் அனுபவசாலி வேண்டாமா? வாரம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து கேட்காத மேற்பார்வையாளரிடம் கல்லூரிகள் மாணவிகளை ஒப்படைக்கவே கூடாது.

- ஒரு பெற்றோர், தக்கலை