புதிய செயலி வந்தால் பழைய படிவம் போகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

விரிவுரையாளர்கள் பலர் இன்னும் தொழில்நுட்பத்துக்குப் பழகவில்லை என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் மடிக்கணினியோடு வீட்டு மேசையில் உட்கார்ந்து வகுப்பை நடத்தியவர்கள் நாங்கள்தானே?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் துறையில் வருகைப் பதிவுக்குக் கியூஆர் குறியீடு வந்தது. திரையில் காட்டுவோம், மாணவர்கள் ஸ்கேன் செய்வார்கள். வகுப்பில் இருப்பவர் அதைப் படமெடுத்து, விடுதியில் தூங்கும் நண்பருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) தட்டிவிட எவ்வளவு நேரமாகும்? உடனே கையெழுத்துத் தாளும் வேண்டும் என்று உத்தரவு வந்தது. இப்போது இரண்டும் நடக்கிறது. மதிப்பெண் கதையும் இதுதான்: எக்செலில் ஒரு முறை, கற்றல் தளத்தில் ஒரு முறை, பிறகு அச்செடுத்துக் கோப்பில்.

உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.க்யூ.ஏ.வின் கணக்குப்படி 3 கிரெடிட் பாடத்துக்கு மாணவரின் கற்றல் நேரம் 120 மணி. அதை விரிவுரை, டுட்டோரியல், சுயகற்றல் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதிக் கொடுக்கிறோம். நாங்கள் விடைத்தாள் திருத்தும் இரவுகளுக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை. ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் எத்தனை கட்டுரை என்ற கேள்வி மட்டும் எங்கள் பணித்திறனை அளக்கும் கேபிஐயின் முதல் வரியிலேயே நிற்கிறது.

2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலையை 45 ஆக்கியது. ஞாயிறு இரவு துறையின் புலனக் குழுவில் "நாளை காலைக்குள்" என்று வந்து விழும் செய்தி எந்தக் கணக்கில் சேரும்? மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவருக்கு அந்தச் சட்டப்படி மிகைநேர ஊதியமும் கிடையாது. நீல டிக் விழுந்த பிறகு பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

முன்பு நான் வேலை பார்த்த கல்லூரியிலும் இதே கருவிகள்தான். ஆனால், துறைத் தலைவி மாலை ஆறு மணிக்கு மேல் குழுவில் ஒரு வரி எழுதமாட்டார். அவசரமென்றால் போன் செய்வார், அதுவும் அபூர்வம். அங்கே ஆய்வுக் கட்டுரையும் எழுதினேன், மாணவர்களின் வரைவுகளை வரி வரியாகப் படிக்கவும் செய்தேன். இங்கே அதே ஆள், படிவம் நிரப்புகிறேன்.

பயிற்சிப் பட்டறைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை (மதியச் சாப்பாடு நன்றாகவே இருக்கும்). அடுத்த செயலியை அறிமுகப்படுத்தும் முன், அதனால் எந்தப் படிவம் ஒழிகிறது என்று நிர்வாகம் எழுத்தில் தரட்டும். தர முடியாவிட்டால் அந்தச் செயலியே வேண்டாம்.

பெயர் வெளியிட விரும்பாத விரிவுரையாளர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்