பத்தாவது விஷயம்

சயான், மும்பை
25-5-2025

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை, யாழினி நலமும் அறிய ஆவல். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். அதில் எதைத் தட்டினாலும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். மூன்றாம் மாடிப் பையன் 3ஆம் தேதி நியூஜெர்சிக்குக் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூட ஒரு சின்னப் பார்சலும் வரும். கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அதைப் பிரி.

யாழினி பள்ளிக்கூடத்தில் கோடை லீவுக்குப் படிக்கச் சொன்ன பட்டியலைப் போன மாதம் அனுப்பினாயே, "எது நல்லாருக்கும்னு பாருங்கப்பா" என்று. பேச்சுக்குத்தான் கேட்டிருப்பாய். நான் நிஜமாகவே உட்கார்ந்து பார்த்தேன். ரிட்டையரான ஸ்டெனோவுக்கு வேறு என்ன ஜோலி? பன்னிரண்டில் ஐந்து புத்தகம் கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரத்திலேயே கிடைத்தது. கடைக்காரன் "பேத்திக்கா அங்கிள்?" என்றான். எனக்குத்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

அந்தச் சிலந்திக் கதை, 'ஷார்லட்ஸ் வெப்', 1952இல் வந்ததாம். இத்தனை நாள் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே அப்பன்காரன் கோடரியோடு கிளம்புகிறான், நோஞ்சானாகப் பிறந்த பன்றிக்குட்டியை வெட்ட. எட்டு வயது மகள் ஓடிப்போய் மறிக்கிறாள். அந்த அப்பன் கோடரியைக் கீழே போட்டுவிடுகிறான், பார். கடைசியில் சிலந்தி சந்தைத் திடலில் யாருமில்லாமல் செத்துப்போகும். பால்கனியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அம்மா காப்பி கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் யாருக்காவது ஏதாவதா என்று பதறிவிட்டாள். சிலந்திக்கு என்று எப்படிச் சொல்வேன்?

யாழினிக்கு அதைக் கட்டாயம் கொடு. ஆனால் படித்து முடித்ததும் கேள்வி கேட்காதே. இரண்டு நாள் சும்மா விடு.

பட்டியலில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் கரண்ட் பில் மாதிரி ஒரு நம்பர் போட்டிருக்கிறார்களே, லெக்ஸைல் என்று. மூன்றாம் மாடிப் பையனைக் கேட்டேன். வாக்கியம் எவ்வளவு நீளம், வார்த்தைகள் எவ்வளவு புழக்கமானவை என்று மிஷின் எண்ணிப் போடும் கணக்காம். சின்னச் சின்ன வாக்கியத்தில் பெரிய துக்கத்தை ஒருவன் எழுதிவைத்தால் அந்த நம்பர் சின்னதாகத்தானே வரும்? "அவளுக்கு இந்த நம்பர் பத்தாதுப்பா, மேல போகணும்" என்றாய். மாடிப்படியா அது?

படக்கதை கணக்கில் வராது என்று நீ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று கேட்காதே. நியூபெரி என்று குழந்தைப் புத்தகத்துக்கு 1922லிருந்து உங்கள் அமெரிக்காவில் ஒரு மெடல் கொடுக்கிறார்கள். 2020இல் அதை வாங்கியது 'நியூ கிட்' என்ற படக்கதைதான். புதுப் பள்ளிக்கூடத்தில் சேரும் ஒரு கறுப்பினப் பையனின் கதை. உன் மகள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாறி எத்தனை மாதம் ஆகிறது? அவள் எதைத் தேடிப் படிக்கிறாள் என்று கொஞ்சம் யோசித்துப் பார். நீ மட்டும் என்ன, டிங்கிள் படக்கதைப் புத்தகம் வரும் நாளில் சாப்பாட்டுத் தட்டைத் தொடமாட்டாய். சுப்பாண்டியைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பாய். தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியனுப்பிய கதைகளில் பிறந்தவன் அவன் என்று நான் சொன்னபோது, "அப்ப அவன் நம்ம சொந்தக்காரனாப்பா?" என்று கேட்டவள் நீ.

அந்த மெடலை 1928லேயே நம் நாட்டுக்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார், தெரியுமா? தன் கோபால் முகர்ஜி. கல்கத்தாவில் வளர்ந்த ஒரு புறாவின் கதை. அது பட்டியலில் இல்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். 'புக் அங்கிள் அண்ட் மீ' என்று உமா கிருஷ்ணசுவாமி எழுதியதும் பட்டியலில் இல்லை, ஆனால் அவளுக்குப் பிடிக்கும். நம் ஊர்த் தெருவோரத்தில் ஒரு மனிதர் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குப் புத்தகம் இரவல் கொடுப்பார். சின்னப் புத்தகம், ஒரு நாளில் முடித்துவிடுவாள். டைமர் வைக்காமல் இருந்தால் அரை நாளில்.

ஆமாம், டைமர். அதை இட்லிக்கு வைத்துக்கொள், செல்வி. இருபது நிமிஷம் படித்தாள் என்று பள்ளிக்கூடத்துத் தாளில் நீ கையெழுத்துப் போட வேண்டும், சரி. போட்டுக் கொடு. ஆபீஸில் இத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறவள் நீ, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டாம். உன்னைப் பற்றி இங்கே நான் பெருமை பேசாத ஆள் கிடையாது. பால்காரனுக்குக்கூட உன் பதவி தெரியும்.

மே 4ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம் பிள்ளையை நீ கண்ணில் காட்டவில்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது. தூங்குகிறாள், நீச்சல் கிளாஸ், பிறந்தநாள் பார்ட்டி. நான் குறையாகச் சொல்லவில்லை. இது இப்படியே நீண்டுவிடக் கூடாது என்றுதான்.

அன்று என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் வீடியோ காலில் 'வின் டிக்ஸி' படித்துக்கொண்டிருந்தோம். அவள் கையில் லைப்ரரிப் புத்தகம், என் கையில் பிளாட்பாரத்துப் புத்தகம். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். அவள் வாசிக்கும் அழகை நீ ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாயா? அந்தக் கதையில் பத்து வயதுப் பெண்ணின் அம்மா எப்போதோ வீட்டை விட்டுப் போய்விட்டாள். அப்பாவோ ஆமை மாதிரித் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்கிறவர். பெண் அவரிடம் கேட்பாள், எனக்குப் பத்து வயது, அதனால் அம்மாவைப் பற்றிப் பத்து விஷயம் சொல்லுங்கள் என்று. அவரும் சொல்வார். அதைப் படித்ததும் யாழினி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, "தாத்தா, எனக்கும் பத்து வயசு. எங்கம்மாவைப் பத்திப் பத்து விஷயம் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். காந்தி மார்க்கெட் வெள்ளத்தில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு வந்து, மீதிச் செருப்பைப் பத்திரமாகக் கழுவிவைத்தது. மராத்திக் கட்டுரையில் மராத்திப் பிள்ளைகளை முந்தி முதல் பரிசு வாங்கியது. லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது. மாப்பிள்ளை முதல்முதலாக வந்த அன்று அம்மா காப்பியில் உப்புப் போட்டதையும் சொன்னேன். "அது ஆச்சி விஷயம், சேராது" என்று கழித்துவிட்டாள். கணக்கில் அப்படியே உன் மகள். அதற்குப் பதிலாக இன்னொன்று சொல்லி ஒன்பதுக்கு வந்தோம்.

பத்தாவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது உள்ளேயிருந்து உன் குரல் கேட்டது. "டைமர் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு? என்ன பேச்சு அங்க?"

பிள்ளை பேசவில்லை. புத்தகத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். இரண்டு தோளும் காதுவரை ஏறிவிட்டன. உன்னைத்தான் பார்க்கிறாள், ஆனால் உன் முகத்தை விட்டுவிட்டு உன் கையைப் பார்க்கிறாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. "பத்தாவது அப்புறம் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பில்டிங்கை இடித்துக் கட்ட இன்னொரு மீட்டிங் நடந்தது, கையெழுத்துப் போடாதவர்கள் இன்னும் நாலு வீடு. ஹாபூஸ் மாம்பழ விலை இப்போதுதான் இறங்கியிருக்கிறது. மற்றபடி விசேஷம் இல்லை.

தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள் என்றாயே, 'டோட்டோ-சான்' தமிழிலேயே இருக்கிறது, நேஷனல் புக் டிரஸ்ட் போட்டது. அந்தக் கதையில் வரும் பள்ளிக்கூடத்தில் பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கக் கூடாது என்று அனுப்பிவிட்ட பெண்ணை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். முதல் நாள் அந்தத் தலைமையாசிரியர் அவளை எதிரே உட்காரவைத்து, என்ன வேண்டுமானாலும் சொல் என்று நாலு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். நாலு மணி நேரம்! உன்னை நான் நாலு நிமிஷம் கேட்டிருந்தால் போதும். அன்று நீ அதைத்தான் கேட்டாய்.

எழுதிவிடுகிறேன். இதற்குத்தான் பேனாவையே எடுத்தேன். மூன்று பக்கம் சுற்றிவிட்டேன்.

1995 மே. உனக்கு அப்போது பத்து வயது. லைப்ரரியில் என் கார்டில் நீ எடுத்த புத்தகம் காணாமல்போனது உனக்கு நினைவிருக்கும். ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்'. இரட்டிப்பு விலை கட்டு என்றார்கள். மாசக் கடைசி. "ஷெல்ஃப்லதான்பா வச்சேன்" என்று நீ நாலு தடவை சொன்னாய். நான் மரஸ்கேலை எடுத்தேன். ஐந்தாவது தடவை நீ அதைச் சொல்லவில்லை. "சரிப்பா, நான்தான் தொலைச்சேன்" என்றாய். அதைக் கேட்ட பிறகுதான் ஸ்கேலைக் கீழே வைத்தேன். மறுநாள் பணத்தைக் கட்டிவிட்டு, இனி இந்த வீட்டில் கதைப் புத்தகம் கிடையாது என்று கார்டையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஜூலையில் புத்தகம் கிடைத்தது. ஆபீஸில், என் டிராயரில், கார்பன் தாள் டப்பாவுக்கு அடியில்.

எடுத்துப்போனது நான்தான். நீ படித்துச் சிரிப்பதைப் பார்த்து, அப்படி என்ன இருக்கிறது என்று லோக்கலில் படிக்க எடுத்துப்போனேன். கதையில், லீவில் அப்பா பையனை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்வார். ராமனிடம் பத்து மாம்பழம், அதில் அவனுக்குப் பதினைந்து அணா வர வேண்டும், கிருஷ்ணனுக்கு நாலு பழம் போதும், அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? பையனுக்கு ஒரே சந்தேகம், பழம் பழுத்திருந்ததா இல்லையா என்று. தாதர் வரும்வரை நின்றபடியே சிரித்தேன். அந்தப் பையனுக்காகச் சிரித்தவன்தான் வீட்டுக்கு வந்து உன்னை அடித்தேன்.

எடுத்துப்போனது அடியோடு மறந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிவருகிறேன். ஸ்கேலைக் கையில் எடுத்தபோது ஒரு நொடி நினைவு வந்ததா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வந்திருக்கலாம்.

உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை. அதற்கப்புறம் நீ கைடு தவிர எதையும் தொட்டதில்லை. பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.சி.யில் மார்க் வாங்கினாய். பெரியப்பா வீட்டில் வைத்து, கதைப் புத்தகத்தில் நேரத்தை வீணாக்காத பிள்ளை என்று எல்லோரும் சொன்னபோது நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நீ ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தாய். மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். மே 4ஆம் தேதி யாழினி தோளைத் தூக்கியபோதுதான், நீ எதையும் மறக்கவில்லை என்று தெரிந்தது.

பார்சலில் இருப்பது அந்தப் புத்தகம்தான். பின்னட்டைக்கு உள்ளே ஒட்டிய சீட்டில் கடைசி முத்திரை 27 மே 1995. உள்ளே இரண்டு அடையாளம் இருக்கும். என் ரயில் டிக்கெட் ஒன்று, கடைசிப் பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால். அதற்கு ரொம்ப முன்னாலேயே உன் டாஃபி பேப்பர். நான் எதையும் எடுக்கவில்லை. புத்தகம் உனக்குத்தான், யாழினிக்கு என்று நினைத்து அவளிடம் கொடுத்துவிடாதே. நீ முடித்தபின் அவள் கேட்டால் கொடு.

அவளுக்கு நான் இன்னும் பத்தாவது விஷயம் பாக்கி. இதைத்தான் சொல்லலாம் என்றிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் சொல்லவில்லை, வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். இல்லை, நீயே சொல்கிறேன் என்றாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழரைக்கு, உங்களுக்குக் காலை பத்து மணி, போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். எப்படி வேண்டும் என்று அதற்குள் ஒரு வார்த்தை தட்டிவிடு.

அன்புடன்,
அப்பா